தலையைத் தூக்கிய தெருவிளக்கு

டிசம்பர் 2, திங்கள்

வந்துவிட்டது. எங்கள் சிவந்திக்கனி நகர் மூன்றாம் தெருவுக்கு எல்.இ.டி. விளக்கு வந்தே விட்டது. இத்தனை வருஷமாக அழுது வடிகிற ஒரு மஞ்சள் விளக்கு இருந்தது. அதன் கீழே நின்று பேசினால் எதிரில் இருப்பது யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்று சாயங்காலம் புது விளக்கு எரிந்ததும் தெருவே வாசலுக்கு வந்து நின்றது. வெள்ளை வெளேரென்று வெளிச்சம். எதிர்வீட்டு ஆவுடை மதினி தன் வீட்டுச் சுவரையே வெறித்துப் பார்த்துவிட்டு, "ஏளா புஷ்பம், எங்க வீட்டுல இம்புட்டு விரிசலா கெடக்கு?" என்று கேட்டார்.

விரிசலா முக்கியம்? பொங்கல் முக்கியம். போன பொங்கலுக்கு நடந்த மகளிர் எறிபந்துப் போட்டியில் ரயில்வே காலனிக்காரிகளிடம் தோற்றோம். கேப்டன் நான், தங்கபுஷ்பம், வயது நாற்பத்திரண்டு. தோற்றதற்கு ஒரே காரணம் பயிற்சி இல்லாததுதான். வீட்டு வேலையை முடித்துப் புருஷன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு நாங்கள் வெளியே வர இரவு எட்டு ஆகிவிடும். இருட்டில் பந்து மூஞ்சியில் விழுந்த பிறகுதான் தெரியும். இனி அந்தக் கவலை இல்லை.

ஒரே ஒரு குறை. விளக்கு தலையைக் குனிந்து ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் விளையாடுவது என் வீட்டை ஒட்டிய காலி மனையில். கம்பமோ ரோட்டுக்கு அந்தப் பக்கம். விளக்கு மாட்ட ஏணி வண்டியில் வந்த கொம்பையாத் தம்பிக்கு டீயும் இரண்டு முறுக்கும் கொடுத்து, விளக்கின் தலையைக் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னேன்.

"ரோட்டுக்குப் போட்ட லைட்டுக்கா. யாராவது கேட்டா?"

"என் பேரச் சொல்லு. பொங்கல் முடிஞ்சதும் எறக்கிரலாம்."

தூக்கிவிட்டான். மனை முழுக்கப் பால் கொட்டியது மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் ஏழு பேரும் கையைத் தட்டினோம். கோயம்புத்தூரில் படிக்கிற மகளுக்குப் போட்டோ அனுப்பினேன். அவள்தான், "கேப்டன்னா தினமும் பயிற்சியை எழுதி வைக்கணும்மா" என்று இந்த டைரியை வாங்கிக் கொடுத்தவள். எழுத ஆரம்பித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் தனியார் பஸ் டிரைவர். விடிகாலை திருச்செந்தூர் முதல் டிரிப் அவருடையது. ஊர் கோழி கூவுகிறதுக்கு முன்னாலேயே கிளம்ப வேண்டும், ஆகவே எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். அவரிடமும் விளக்கைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நல்லா பளிச்சுன்னுதான் இருக்கு" என்றார். இவர் ஒரு பொருளைப் பாராட்டி நான் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் இரண்டாம் தடவை.

டிசம்பர் 4, புதன்

இரண்டாம் நாள் பயிற்சி. எஸ்தர் எறிகிற பந்துக்கு வலையே நடுங்குகிறது. ரஹ்மத் நிஷா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பாதி நாள் நைட் டியூட்டி. இருந்தாலும் டியூட்டிக்குப் போகிற வழியில் யூனிஃபார்முடன் வந்து அரை மணி நேரம் ஆடிவிட்டுப் போகிறாள். ஆவுடை மதினிக்கு ஐம்பத்தைந்து வயது. முட்டி வலி என்று சொல்லிக்கொண்டே எல்லாப் பந்தையும் பிடிக்கிறார்.

காலி மனையைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே வருகிறது. சுண்டல்காரர் வண்டியை இங்கேயே நிறுத்திவிட்டார். இந்தத் தெருவில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன், ராத்திரி எட்டரைக்குப் பெண்கள் சிரிக்கிற சத்தத்தை இப்போதுதான் கேட்கிறேன்.

டிசம்பர் 5, வியாழன்

பயிற்சி ஞாபகத்தில் புளிக்குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். அவர் மோர் கேட்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு

சீருடை தயார். மஞ்சள் டீ ஷர்ட் எடுத்தாயிற்று. முதுகில் நம்பர் தைக்க அடர்த்தியான நீலத் துணி வேண்டும், கடைத் துணியெல்லாம் கொசுவலை மாதிரி இருக்கிறது. எங்கள் படுக்கை அறை ஜன்னலில் கனமான நீலத் திரை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அழுக்கும் ஆகிவிட்டது. அதை வெட்டினேன். ஏழு பேருக்கும் நம்பர் தைத்து மீதியில் பந்துக்கு ஒரு பையும் தைத்தாயிற்று. என் நம்பர் ஒன்று.

போட்டுக் காட்டினேன். "எங்கியோ பாத்த துணியா இருக்கே" என்றார். "எல்லாம் நம்ம வீட்டுத் துணிதான்" என்றேன். ஜன்னலுக்கு என் பழைய பருத்திச் சேலை ஒன்றை மாட்டியிருக்கிறேன். காற்று நன்றாக வருகிறது.

டிசம்பர் 11, புதன்

இவருக்குக் கண் சிவந்தே கிடக்கிறது. ரோட்டு வேலை நடக்கிற வழியில் தினமும் நாலு நடை போனால் தூசி விழாமல் என்ன செய்யும்? சொட்டு மருந்து வாங்கி வந்தேன். இரண்டு நாளாகச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சிடுசிடுக்கிறார். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டதற்கு ஒரு சத்தம். இருபது வருஷத்தில் இந்த மனுஷன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வயசாகிறது போல.

இன்னொரு கூத்து. அவர் ஓட்டுகிற பஸ்ஸுக்கும் எல்.இ.டி. பெயர்ப்பலகை வந்துவிட்டதாம், எழுத்து ஓடுகிற மாதிரி. 'திருச்செந்தூர்' என்று பெயிண்டில் எழுதிய பழைய தகரப் பலகையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எதற்கு என்று கேட்டால், "சும்மா கெடக்கட்டும்" என்கிறார். பார்த்தால் படுக்கை அறை ஜன்னலில் அதை நிறுத்திக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். வீட்டையே பஸ்ஸாக்கிவிட்டார் என்று எஸ்தரிடம் சொல்லிச் சிரித்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

நேற்றுப் பேய் மழை. சாயங்காலமே தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது, பயிற்சி இல்லை. எனக்கு ஒரு நாள் போன வயிற்றெரிச்சல். இவரோ படுத்ததுதான் தெரியும், அலாரம் அடித்தும் எழும்பவில்லை, நான்தான் தோளைப் பிடித்து உலுக்கினேன். எழுந்து காபியைக் குடித்துக்கொண்டு பாட்டு வேறு முணுமுணுத்தார். மழைக் குளிரில் யாருக்குத்தான் தூக்கம் வராது?

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று டீம் கூட்டம் எங்கள் வீட்டில். ஏழு பேர் கூடுகிற வீட்டில் ஜன்னலில் தகரமா? அதுவும் காற்றடித்தால் கடகடவென்று ஒரே சத்தம். கழற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டேன். சாயங்காலம் வந்தவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்க் கை கால் கழுவினார்.

கூட்டம் ஜோராக நடந்தது. முதல் சுற்று 29ஆம் தேதி. எட்டு டீம்.

டிசம்பர் 18, புதன்

பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது தெரு முக்கில் 'தடார்' என்று ஒரு சத்தம். பால்காரர் செல்வராஜ் அண்ணாச்சி டி.வி.எஸ்.ஸோடு விழுந்து கிடக்கிறார். கேனில் இருந்த பால் எல்லாம் ரோட்டில். ரஹ்மத் ஓடிப்போய் முட்டியைக் கழுவிக் கட்டுப் போட்டாள்.

"திரும்புனதும் கண்ணுல பளீர்னு அடிச்சிட்டு தாயி. அதுக்குப் பொறவு ஒண்ணுந் தெரியல. பள்ளத்துல விட்டுட்டேன்."

"கண்ணாடிய மாத்துங்க அண்ணாச்சி" என்றேன்.

"கண்ணாடி போன மாசந்தான் மாத்துனேன்" என்றார்.

ரஹ்மத் அந்த முக்கில் போய் நின்று, ரோட்டில் வருகிறவர் மாதிரி விளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் விசிலை ஊதி எல்லாரையும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். நாளைக் காலை அண்ணாச்சியிடம் ஒரு லிட்டர் கூடுதலாக வாங்க வேண்டும்.

டிசம்பர் 20, வெள்ளி

நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் இவர் சமையலறையில் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் பாயைப் போட்டுச் சுருண்டு கிடக்கிறார். "புழுக்கமா?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். மார்கழியில் என்ன புழுக்கம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அசதி. அவர் தலைமாட்டில் ஃப்ரிட்ஜ் வேறு உறுமிக்கொண்டிருந்தது. நாளைக்குப் படுக்கை அறை ஃபேனுக்கு எண்ணெய் போடச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 24, செவ்வாய்

எஸ்தர் வீட்டில் நாளைக்குக் கிறிஸ்துமஸ், பயிற்சியைச் சீக்கிரம் முடித்தோம். வலையைச் சுருட்டும்போது ரஹ்மத் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்க வீட்ல அண்ணன் எந்த ரூம்ல படுக்காவ?"

"ஏன், இந்த ரூம்தான்." ஜன்னலைக் காட்டினேன். காட்டினபோதுதான் பார்த்தேன், ஜன்னலில் என் சேலையில் இருக்கிற பூவெல்லாம் வெளியிலிருந்தே தெரிந்தது.

"நான் நைட் டியூட்டி முடிச்சுப் பகல்ல தூங்கணும்னா ஜன்னலுக்குக் கறுப்புத் துணி ஒட்டுதேன்க்கா. கதவிடுக்குல கூட வெளிச்சம் வரக் கூடாது. வெளிச்சம் இருந்தா நாம கண்ண மூடுனாலும் உடம்பு பகல்னு நெனச்சுக்கிடும். அதுலயும் இந்த வெள்ள வெளிச்சம் ரொம்ப மோசம். அண்ணன் பஸ் ஓட்டுதவங்க."

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "நீ பந்து போட வாரியா, எங்க வீட்டுப் படுக்கைய ஆராய்ச்சி செய்ய வாரியா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு இந்தப் பேச்சு? பண்டிகை வாரத்தில் பஸ்ஸில் கூட்டம், அதில்தான் அவருக்கு அலுப்பு. வேறு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

ஜெயித்தோம். பள்ளிக்கூட மைதானத்தில், நட்ட நடு வெயிலில், பஜார் தெரு டீமை நேர் செட்டில் ஜெயித்தோம். கடைசிப் புள்ளி நான் எறிந்தது. பந்து இரண்டு பேருக்கு நடுவில் போய் விழுந்தது, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆவுடை மதினி என்னைத் தூக்கிவிட்டார், முட்டி வலிக்காரி.

ரஹ்மத்தும் ஆடினாள். பந்து தருகிறாள், பிடிக்கிறாள், என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

இவருக்கு இன்று ஓய்வு நாள். மைதானத்துக்கு வந்திருந்தார். மைக்செட்காரன் கத்துகிறான், டிரம் அடிக்கிறார்கள், பக்கத்தில் இருக்கிறவர்கள் விசில் அடிக்கிறார்கள். இந்த மனுஷன் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடி தலை தொங்கித் தூங்குகிறார். வாயோரம் எச்சில். நான் எறிந்த அந்தக் கடைசிப் பந்தை உலகமே பார்த்தது, இவர் பார்க்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் நான் நாலடி முன்னால் நடந்தேன்.

"ஜெயிச்சிட்டியளா?" என்று கேட்டார். கேட்கிற கேள்வியைப் பார்.

ஜனவரி 2, வியாழன்

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு எங்கள் டீம் வாட்ஸ்அப் குரூப்பில் எஸ்தர் ஒரு வீடியோ போட்டாள். அதற்கு மேலே இரண்டு சிரிப்புப் பொம்மை. நான் திறப்பதற்குள் அவளே அழித்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் அதே வீடியோ உறவுக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. ரோட்டோரம் ஒரு பஸ் நிற்கிறது. டிரைவர் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துத் தூங்குகிறார். எடுத்தவன், "கோயிலுக்குப் போற சனத்த நடுரோட்டுல நிப்பாட்டிட்டு இவன் தூங்குத தூக்கத்தப் பாருங்க" என்று சொல்கிறான். பின்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். டிரைவரின் முகம் தெரியவில்லை. சட்டைக் காலர் தெரிந்தது. அந்தக் காலரைப் புரட்டித் தைத்தது நான்.

மத்தியானம் வந்தார். முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு, "வீட்ல போயி நல்லா தூங்கிட்டு வாரும். வேற ஆளப் போட்டாச்சு. பொறவு பாப்போம்" என்றாராம். நான் சோறு வைத்தேன். கையை வைக்காமல் இருந்தார். பிறகு தானாகவே சொன்னார்.

"ஆழ்வார்திருநகரி தாண்டுனதும் ஒரு வளைவு உண்டும்லா புஷ்பம். அந்த வளைவு எனக்கு ஞாபகத்துலயே இல்ல. வளைவுக்கு அங்கிட்டு வந்திருக்கேன். எப்படித் திருப்புனேன்னு தெரியல. முழிச்சுப் பாக்கேன், முன்னால டியூஷனுக்குப் போற பிள்ளைங்க வரிசையா சைக்கிள்ல போகுது. கடைசிப் பிள்ளைக்கும் நம்ம வண்டிக்கும் இவ்வளவுதான் இருக்கு." மேசையின் நீளத்தைக் கையால் காட்டினார்.

"பிரேக்கப் போட்டு ஓரங்கட்டிட்டேன். சாவியக் கண்டக்டர்ட்ட குடுத்து, எனக்குத் தூக்கம் வருது, கொஞ்சம் படுத்து எந்திக்காம நான் எடுக்க மாட்டேன், அவசரம்னா அடுத்த வண்டில ஏறிக்கோங்கன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். திட்டுனாவ. திட்டட்டும்."

"தூக்கம் இல்லன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ லைட்ட எறக்கச் சொல்லுவ. நீ சிரிச்சு வெளையாடுதத நான் இப்பத்தான் பாக்கேன். பொங்கல் வரைக்கும் சமாளிச்சிரலாம்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் சாப்பிட மாட்டார் என்று கொல்லைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

இன்றைக்குப் பயிற்சி கிடையாது என்று குரூப்பில் போட்டேன். எட்டு மணிக்கு அவர் சமையலறையில் பாயை விரித்தார். நான் படுக்கை அறைக்குப் போய் லைட்டை அணைத்துவிட்டுக் கட்டிலில் அவர் படுக்கிற பக்கம் படுத்துப் பார்த்தேன். நான் எப்போதும் சுவர்ப் பக்கம்தான் படுப்பேன், அதுவும் ஆடிக் களைத்து விழுகிறவள். அவர் பக்கம் ஜன்னலுக்கு நேர். கண்ணை மூடினால் மூடின கண்ணுக்குள்ளும் வெள்ளையாக இருக்கிறது. திரும்பிப் படுத்தால் எதிர்ச்சுவர் பளபளக்கிறது. தலையணை உறையில் நான் போட்ட தையல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. ஒரு மாதமாக இதில் படுத்துவிட்டு எழுந்து போய் ஐம்பது அறுபது உயிரை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். திரையை வெட்டினது யார்? தகரத்தைக் கழற்றினது யார்? பாவி நான்.

ஜனவரி 3, வெள்ளி

காலையிலேயே ரஹ்மத் வீட்டு வாசலில் போய் நின்றேன். நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"அந்தக் கறுப்புத் துணி எங்க வாங்குன?" என்றேன்.

உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். "துணி அப்புறம் வாங்கலாம்க்கா. அண்ணனுக்கு மட்டும் துணியக் கட்டிட்டா முக்குல வாரவங்க கண்ணுக்கு யாரு கட்டுவா? மொதல்ல லைட்ட எறக்கச் சொல்லுங்க" என்றாள்.

டீம் கூடியது. எஸ்தருக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. "தெரியாமப் போட்டுட்டேன்க்கா, அண்ணன்னு தெரியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் விளக்கு என்று வந்ததும் அவளும் கேப்டன் மாதிரியே பேசினாள். "ஞாயித்துக்கெழமை அரையிறுதி. இப்பப் போயி எறக்கினா மனை பாதி இருட்டாயிரும். பொங்கல் வரைக்கும் அண்ணன் எங்க வீட்ல வந்து படுக்கட்டும், தனி ரூம் இருக்கு."

நல்ல யோசனைதான். ஒரு நிமிஷம் எனக்கும் சபலம் தட்டியது, பொய் சொல்ல மாட்டேன். ஆவுடை மதினிதான் வாயைத் திறந்தார். "எனக்குந்தாம்ளா ஒரு மாசமாத் தூக்கமில்ல. பந்தாட்ட ஆசையில சொல்லல. முட்டி வலின்னுல்லா நெனச்சேன்."

அவ்வளவுதான். கொம்பையாவுக்குப் போன் போட்டேன். எங்கோ கம்பத்தில் இருந்தவன், சாயங்காலம் வருவதாகச் சொன்னான். வந்தான். தலையை இறக்கினான். முக்கில் போய் நின்று பார்த்தேன், கண் கூசவில்லை, பள்ளம் துல்லியமாகத் தெரிந்தது. அந்தப் பள்ளத்தை நான் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

ஆனால் எங்கள் ஜன்னலில் இன்னும் ஒரு கீற்று விழுந்தது. "பக்கத்துல அடிக்காம இருக்க ஒரு மறைப்பு மாட்டணும்க்கா. ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, வரும். எப்ப வரும்னு கேக்காதிய" என்றான்.

மாடிப்படிக்கு அடியில் போய்த் தகரப் பலகையை எடுத்து வந்தேன்.

கொம்பையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "திருச்செந்தூரா?"

"மாட்டு தம்பி."

கம்பத்தில் கரண்ட்டை நிறுத்திவிட்டு, இரண்டு ஓட்டை போட்டுக் கம்பியால் இறுக்கி எங்கள் பக்கமாக மாட்டினான். மறுபடி விளக்கு எரிந்தும் ஜன்னல் கறுத்தே இருந்தது. என் வாழ்நாளில் இருட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஜனவரி 4, சனி

வெயில் வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

ஜனவரி 5, ஞாயிறு

அரையிறுதியில் ஜெயித்தோம். மூன்றாவது செட்டில், இழுபறியில். இறுதி ஆட்டம் யாரோடு? வேறு யார், ரயில்வே காலனி. முக்கால் குடம் தண்ணீர் குடித்திருப்பேன்.

ஜனவரி 9, வியாழன்

மனையில் இப்போது பாதிக்குத்தான் வெளிச்சம். அந்தப் பாதியில் நின்று பிடிக்கிறோம், இருட்டுப் பாதியில் நின்று எறிகிறோம். சுண்டல்காரர் மட்டும் முக்குக்குப் போய்விட்டார்.

இவர் முதலாளியைப் பார்க்கப் போனார். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை, கூடவே போனேன். முதலாளி போனில் அந்த வீடியோவை மறுபடி போட்டுக் காட்டினார். நான் சொன்னேன்: "அண்ணாச்சி, இதுல பஸ் நிக்குது, நல்லாப் பாருங்க. தூங்கிக்கிட்டே ஓட்டுனா இப்படி வீடியோ எடுக்க ஒரு ஆளு மிஞ்சியிருக்க மாட்டான்."

முதலாளி வீடியோவை இன்னொரு தடவை முழுசாக ஓட்டிப் பார்த்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து சாவியை எடுத்து வைத்தார். "திங்கக்கெழம வாரும். பொங்கல் கூட்டம்" என்றார்.

வெளியே வந்ததும் இவர், "கேப்டன் கேப்டன்தான்" என்றார். மூன்றாவது பாராட்டு.

ஜனவரி 16, வியாழன்

தோற்றுவிட்டோம்.

ஒரே ஒரு புள்ளியில். அதுவும் என்னால். முழுசாக எழுதிவிடுகிறேன். முதல் செட் அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. எஸ்தர் எறிந்த ஒரு பந்தில் ரயில்வே காலனிக்காரி உட்கார்ந்தே விட்டாள். மூன்றாவது செட்டில் ஆளுக்குப் பதினான்கு. மைதானமே எழுந்து நிற்கிறது. பந்து என்னைப் பார்த்து வருகிறது. சுலபமான பந்து, தூக்கத்திலும் பிடிப்பேன்.

அப்போது, "புடி புஷ்பம்" என்று ஒரு குரல். இருபது வருஷமாகத் தெரிந்த குரல், இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். மூன்று டிரிப் ஓட்டி முடித்துக் காக்கிச் சட்டையோடு நேராக வந்திருக்கிறார். பெஞ்சின் மேல் ஏறி நிற்கிறார். கண் இரண்டும் முழித்துக்கொண்டு, வெள்ளையாக, தெளிவாக இருக்கிறது. மனுஷன் விழித்திருக்கிறாரே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பந்து என் காலடியில் விழுந்தது.

ரஹ்மத் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தோம். ரயில்வே காலனி கேப்டன் கை கொடுக்க வந்தவள், தோற்ற டீம் ஏன் இப்படிச் சிரிக்கிறது என்று முழித்தாள். இரண்டாம் பரிசு ஆளுக்கொரு டிபன் கேரியர். ஆவுடை மதினி, "கேப்டன மாத்தணும்ளா" என்றார். மாற்றிப் பார்க்கட்டும். அடுத்த பொங்கலுக்கும் நான்தான் கேப்டனாக நிற்பேன்.

ஜனவரி 18, சனி

இன்று ராத்திரி டிபன் கேரியரைக் கழுவி வாசலில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டரை மணி இருக்கும். அசலூர்க்காரர்கள் போல, ஒரு புருஷனும் பெண்சாதியும் கைப்பையோடு கம்பத்தின் கீழே வந்து நின்றார்கள். அண்ணாந்து தகரத்தைப் படித்தார்கள். அந்தம்மா என்னிடம் வந்து, "ஏம்மா, திருச்செந்தூர் பஸ் இங்கன நிக்குமா?" என்று கேட்டார்.

எனக்குப் பின்னால் இருட்டு ஜன்னலுக்குள்ளிருந்து இவருடைய குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.

"விடிகாலை வண்டி உண்டும்மா, அந்த முக்கு தாண்டி ஸ்டாப்பு" என்றேன். "இங்கன நின்னு சத்தம் போடாதிய. டிரைவர் தூங்குதாரு."